பழைய கணினியின் கடிகாரம் எப்போது தப்புகிறது?

என் பழைய மேசைக் கணினியின் கடிகாரம் நாளைக்கு ஐந்து நிமிடம் பிந்திக்கொண்டிருந்த காலத்தில், மூன்று மாதத்துக்குள் அதற்கு இரண்டு தடவை செல் மாற்றினேன். முதல் தடவை கடைக்காரர் மாற்றினார். "செல் வீக் ஆயிடுச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். கடையில் போட்டது மட்டமான செல்லாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, இரண்டாவது தடவை நானே நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். கடிகாரம் அசரவில்லை. அடுத்த நாளும் அதே ஐந்து நிமிடம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றை நான் கேட்கவே இல்லை: இது எப்போது தப்புகிறது? கணினி அணைந்திருக்கும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா?

ஒரு பிசிக்குள் இரண்டு கடிகாரங்கள் இருப்பதால்தான் இந்தக் கேள்வி. முதலாவது மதர்போர்டில் இருக்கும் சின்னக் கடிகாரம், ஆர்டிசி என்பார்கள். கணினியை அணைத்த பிறகும் பட்டன் செல்லின் தயவில் அது ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, விண்டோஸோ லினக்ஸோ தனக்குள் வைத்திருக்கும் கணக்கு. திரையின் மூலையில் நாம் பார்க்கும் மணி இந்தக் கணக்குதான். கணினியைப் போட்டதும் இயங்குதளம் ஆர்டிசியை ஒரு தடவை எட்டிப் பார்த்து மணியைத் தெரிந்துகொள்கிறது. அப்புறம் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, தானாகவே எண்ணிக்கொண்டு போகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாள் முழுக்க மனதுக்குள்ளேயே வினாடிகளை எண்ணிக்கொண்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்து அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போனால், வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் புது செல் போட்டு என்ன பயன்? நான் செய்தது அதைத்தான்.

எந்தக் கடிகாரம் தப்புகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். இணையத்தின் வழியாகத் தானாக நேரம் திருத்தும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது தடயத்தை அழித்துவிடும். இரவு, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸ் திரைக்குப் போய், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வினாடி சுத்தமாக நேரத்தை வைத்து, அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். காலையில் இயங்குதளத்துக்குள் போகாமல் மறுபடி பயாஸ் திரைக்கே போய், அங்கே ஓடும் மணியைக் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். ஆர்டிசி ராத்திரியில் எவ்வளவு தப்பியது என்பது தெரிந்துவிடும். பிறகு உள்ளே போய், மாலை வரை வழக்கமான வேலைகளைச் செய்துவிட்டு இன்னொரு தடவை ஒப்பிடுங்கள். என் கணினி இரவில் முழுசாக ஒரு வினாடி கூடத் தப்பவில்லை. ஐந்து நிமிடமும் பகலில்தான் போயிருந்தது.

தப்பும் அளவே ஒரு துப்பு. ஆர்டிசிக்குள் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதும் அதேதான். பழைய மதர்போர்டுகளில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளி நிறக் குழாயாகத் தெரியும். வினாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த விநோத எண் என்றால், 2-ஐ 15 தடவை பெருக்கினால் வருவது அது. பாதி, பாதி, பாதி என்று 15 தடவை வகுத்தால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும். இத்தகைய படிகம் ஒன்று பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிசகலாம் என்பது வழக்கமான வரம்பு. இந்தத் துறையில் இதை 20 பிபிஎம் என்பார்கள். ஒரு நாளில் 86,400 வினாடி இருப்பதால் 20 பிபிஎம் என்பது நாளைக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு தப்பினால் அது கோளாறே அல்ல, படிகத்தின் சுபாவம்.

வெயிலின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்தப் படிகங்களை 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டுகிறார்கள். அதிலிருந்து சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது பிந்தத்தான் செய்யும், முந்தாது. எவ்வளவு விலகுகிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பப் பிந்தும். மே மாத அறையின் 35 டிகிரியில் சுமார் 3.4 பிபிஎம், அதாவது நாளைக்கு 0.3 வினாடி. பெட்டிக்குள் 45 டிகிரி ஆனாலும் ஒரு வினாடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். என் கணினி இழந்த ஐந்து நிமிடத்தைப் பிபிஎம் கணக்கில் போட்டால் ஏறத்தாழ 3,500 வருகிறது. எந்த வெயிலும் ஒரு படிகத்தை அந்தப் பாடு படுத்த முடியாது.

சரி, செல் எப்போது குற்றவாளி? செல் தீர்ந்துபோனால் ஆர்டிசி மெதுவாக ஓடுவதைவிட, நின்றுபோவதே அதிகம். நேற்று இரவு 10:40-க்கு அணைத்த கணினி இன்று காலையிலும் 10:41 என்று காட்டினால் செல்லைச் சந்தேகிக்கலாம். தேதி 2002 ஜனவரி மாதிரி ஏதோ ஒரு பழைய நாளுக்குப் போய், பயாஸ் அமைப்புகளும் அழிந்து, போட்டவுடன் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ‘சிமாஸ் பேட்டரி’ என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் செல்லில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் அதன் இயங்குதளமான டாஸ் தேதியையும் மணியையும் கேட்கும். பொறுமையில்லாதவர்கள் என்டர் தட்டிவிட்டுப் போவார்கள், கோப்புகளெல்லாம் 1980 ஜனவரி 1 என்று பிறக்கும். 1984-இல் வந்த பிசி/ஏடியில்தான் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சிப்பை வைத்தார்கள். அதில் இருந்த 64 பைட்டில் 14 கடிகாரத்துக்கு, மிச்சம் 50 மற்ற அமைப்புகளுக்கு. கடிகாரமும் அமைப்புகளும் அன்றைக்கே ஒரே செல்லில் ஒட்டிக்கொண்டன. சிமாஸ் தொழில்நுட்பத்தில் செய்த சிப் என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இப்போது பெரும்பாலான போர்டுகளில் இருப்பது சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். ஆர்டிசி குடிக்கும் மின்சாரம் சில மைக்ரோ ஆம்பியர்தான் என்பதால் நாலைந்து வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். நம் வீடுகளில் அது சீக்கிரம் தீர்ந்துபோக ஒரு காரணம் இருக்கிறது: சுவரில் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம். 1995-க்குப் பின் வந்த ஏடிஎக்ஸ் வகைக் கணினிகளில், சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆர்டிசி அதில் ஓடும், செல் சும்மா இருக்கும். சுவரிலேயே அணைத்தால் ராத்திரி முழுக்கச் செல்தான் சுமக்க வேண்டும். இடி மின்னலுக்குப் பயந்து அணைக்கிறோம், அது நியாயம்தான். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் போடும் கணினியானால் செல் சீக்கிரம் போனதற்குச் செல் கம்பெனியைத் திட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

செல்லை மாற்றும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.7 பக்கம் இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். சிஆர்2025 பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான், சரியாகக் கவ்வாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, மாற்றுவதற்கு முன்பே பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். செல்லைக் கழற்றியதும் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க் ‘ஏஎச்சிஐ’ முறையில் இருந்து ‘ஐடிஇ’ முறைக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். கடிகாரத்தைத் திருத்தப் போய் கணினியே போச்சு என்று கடைக்கு ஓடுகிறவர்களில் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்.

இன்னும் பழைய, 386, 486 செயலிகள் காலத்துப் போர்டுகளில் பீப்பாய் வடிவில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது பல வருஷம் கழித்துக் கசிந்து, பக்கத்தில் இருக்கும் செம்புத் தடங்களை அரித்துவிடும். அப்படி ஒரு போர்டு உங்களிடம் இருந்தால் கடிகாரம் ஓடுகிறதோ இல்லையோ, முதலில் அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். வேறு சில போர்டுகளில் டல்லாஸ் நிறுவனத்தின் டிஎஸ்1287 என்ற கறுப்புப் பெட்டி இருக்கும். கடிகாரம், படிகம், லித்தியம் செல் மூன்றையும் உள்ளே வைத்து மூடியது. பத்து வருஷம் உழைக்கும் என்று விற்றார்கள், உழைத்தது. தீர்ந்த பிறகு அதன் ஓட்டைச் சுரண்டி வெளியிலிருந்து செல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க அறுவைச் சிகிச்சை மாதிரி இருக்கும்.

செல் நன்றாக இருந்தும் அணைந்திருக்கும்போது நாளைக்குப் பத்து வினாடி, இருபது வினாடி தப்பினால் படிகத்தின் கால்களைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் படிகம் சில பைக்கோ ஃபாரட் அளவு மின்தேக்கத்தை நம்பி அதிர்கிறது. ஈரப்பதத்தோடு சேர்ந்த தூசியோ பற்றவைப்பின் மிச்சமோ அங்கே படிந்தால் அதிர்வு மாறும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்தால் போதும்.

இனி என் வியாதி. ஓடும்போது தப்பும் கடிகாரம். இதன் கதை அமெரிக்கக் கலர் டிவியில் தொடங்குகிறது. முதல் ஐபிஎம் பிசியில் செலவைக் குறைக்க ஒரே ஒரு முக்கியப் படிகம்தான் வைத்தார்கள்: 14.31818 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கலர் டிவியின் நிறச் சமிக்ஞை அலைவெண்ணைப் போல் சரியாக நாலு மடங்கு. அதை 4-ஆல் வகுத்தால் டிவிக்கான 3.58, 3-ஆல் வகுத்தால் செயலிக்கான 4.77, 12-ஆல் வகுத்தால் டைமர் சிப்புக்கான 1.19 மெகாஹெர்ட்ஸ். அந்த டைமர் 65,536 எண்ணி முடிக்கும்போதெல்லாம் செயலியை ஒரு தட்டுத் தட்டும். வினாடிக்கு 18.2 தட்டு. டாஸ் இந்தத் தட்டுகளை எண்ணித்தான் மணி சொன்னது. நாள் முடிந்ததா என்பதற்கு ஆம்/இல்லை என்று ஒரு குறி மட்டும் வைத்திருந்தது. யாரும் தேதியைக் கேட்காமல் இரண்டு நள்ளிரவு கடந்துவிட்டால், ‘ஆம்’ என்பது ஒரு தடவை ‘ஆம்’தான், ஒரு நாள் காணாமல் போகும். வெள்ளிக்கிழமை ஓடவிட்டுப் போன கணினி திங்கட்கிழமை வந்து பார்த்தால் இன்னும் சனிக்கிழமையிலேயே இருக்கும்.

எண்ணுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விடும் என்றேன் அல்லவா? செயலி வேறொரு வேலையில் மூழ்கி, இடையே வரும் தட்டுகளைக் காதில் வாங்காமல் இருந்தால் அந்தத் தட்டுகள் போனது போனதுதான். திரும்ப வராது. அதனால்தான் தட்டு தவறும் கடிகாரம் எப்போதும் பிந்துகிறது, முந்துவதில்லை. பழைய கணினிகளில் செயலியை இப்படி மூழ்கடிப்பதில் முதலிடம் ஹார்ட் டிஸ்க்குக்கு. சாதாரணமாக டிஸ்க் தானே நினைவகத்துக்குத் தரவை அனுப்பிவிடும், அதை டிஎம்ஏ என்பார்கள். கேபிள் மோசமாகித் தவறுகள் திரும்பத் திரும்ப வந்தால், எக்ஸ்பி போன்ற விண்டோஸ்கள் அந்த டிஸ்க்கைப் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறக்கிவிடும். அங்கே ஒவ்வொரு துணுக்கையும் செயலியே கையால் அள்ள வேண்டும். இறக்குவதை விண்டோஸ் வாய்விட்டுச் சொல்லாது. பாட்டு கேட்டால் திக்கும், பெரிய கோப்பை நகல் எடுத்தால் மவுஸ் தடுமாறும். நாமோ கணினிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

எனக்கும் அப்படித்தான். நகல் எடுக்கும் நாட்களில் கடிகாரம் அதிகம் பிந்துவதையும் சும்மா இருக்கும் நாட்களில் பிந்தாததையும் கவனித்த பிறகுதான் டிவைஸ் மேனேஜரில் போய்ப் பார்த்தேன். டிஸ்க் பிஐஓ-வில் கிடந்தது. பட்டைக் கேபிளை மாற்றி, அந்த ஐடிஇ சானலை நீக்கிவிட்டு மறுபடி போட்டதும் டிஎம்ஏ திரும்பியது. அன்று மாலை கடிகாரம் கைப்பேசியோடு ஒத்துப்போனது. இரண்டு செல்களின் காசு வீண்.

கேபிள் சரியாக இருந்தும் கடிகாரம் முன்னும் பின்னும் குதித்தால் அது வேறு வம்பு. 1993-இல் வந்த பென்டியத்திலிருந்து செயலிக்குள்ளேயே டிஎஸ்சி என்ற எண்ணி ஒன்று உண்டு. செயலியின் துடிப்புகளை அப்படியே எண்ணும். வேகமானது, நுட்பமானது. ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் செயலிகள் வந்ததும் அது நம்ப முடியாததாகிவிட்டது. 2005-இல் வந்த ஆத்லான் 64 எக்ஸ்2 போன்ற இரட்டை மூளைச் செயலிகளில் இரண்டு மூளையும் தனித்தனியாக எண்ணி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் விளையாட்டுகள் பைத்தியம் பிடித்தாற்போல் ஓடின. அதற்கு வைத்தியம், செயலியின் வேகம் மாறினாலும் ஒரே சீராக ஓடும் ஏசிபிஐ டைமருக்கு இயங்குதளத்தை மாற்றுவது. எக்ஸ்பியில் பூட் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், லினக்ஸில் பெரும்பாலும் தானே சந்தேகப்பட்டு மாறிக்கொள்ளும். அந்த ஏசிபிஐ டைமரின் அலைவெண் என்ன தெரியுமா? 3.579545 மெகாஹெர்ட்ஸ். மறுபடி அதே கலர் டிவி.

எல்லாவற்றையும் விட எளிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பினால் அது பிந்தவும் இல்லை, முந்தவும் இல்லை. பெரும்பாலும் ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஆர்டிசியில் நம்மூர் மணியை எழுதி வைக்கும். லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதி வைக்க விரும்பும். லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் படித்தால் ஐந்தரை மணி பின்னால் நிற்கும், விண்டோஸ் எழுதியதை லினக்ஸ் படித்தால் அதே அளவு முன்னால் ஓடும். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த தமிழக அரசு மடிக்கணினியைப் பிரித்து மேய்ந்தவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். ஆர்டிசியில் இருப்பது உள்ளூர் நேரம் என்று லினக்ஸுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் சண்டை தீரும்.

‘இணையத்திலிருந்து தானாகத் திருத்திக்கொள்ளட்டுமே, எதற்கு இத்தனை ஆராய்ச்சி?’ என்று கேட்கலாம். பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் ஆவணப்படுத்திய, இணையம் வழியே மணி கேட்கும் என்டிபி நெறிமுறை இன்றும் உலகத்தின் கடிகாரங்களைச் சேர்த்துக் கட்டுகிறது. 2024-இல்தான் அவர் மறைந்தார். கேள்வி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் என்று நாலையும் குறித்து, வழியில் ஆன தாமதத்தைக் கழித்து மணி சொல்லும் அழகான ஏற்பாடு. உலாவி தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைத் தேதி பார்த்துச் சோதிக்கும், என்டிபிக்கு அந்தச் சோதனை தேவையில்லை. தேதி தப்பியதால் உலாவி எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கும்போதும் என்டிபி வேலை செய்யும்.

ஆனால் அது வரம்பு கட்டிக்கொண்டு வேலை செய்கிறது. தனி வீட்டுக் கணினியில் எக்ஸ்பி வாரத்துக்கு ஒரு தடவைதான் மணி கேட்கும். நாளைக்கு ஐந்து நிமிடம் இழக்கும் கணினியை அணைக்காமல் ஓடவிட்டால் அதற்குள் அரை மணிக்கு மேல் பிந்திவிடும். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தானியங்கித் திருத்தத்தை ஏற்காது. செல் தீர்ந்து 2002-க்குப் போன கணினி தானாகத் திரும்பி வராததற்கு இதுதான் காரணம். தேதியை முதலில் கையால் வைக்க வேண்டும். லினக்ஸில் பழைய என்டிபி நிரல் 1,000 வினாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் ‘இதில் ஏதோ தப்பு’ என்று கைவிரித்து நின்றுவிடும். தொடர்ந்து தப்பும் கடிகாரத்தை அது 500 பிபிஎம் வரை, அதாவது நாளைக்கு 43 வினாடி வரைதான் இழுத்துப் பிடிக்கும். என் 3,500-ஐப் பார்த்தால் என்ன செய்திருக்கும்? குரோனி என்ற புது நிரலுக்கு அந்த வரம்பு மிகத் தளர்வு, பழைய கணினிக்கு அதையே சொல்வேன். ஆனாலும் தட்டு தவறும் கணினிக்கு அதுவும் முதலுதவிதான். இன்று ஐந்து நிமிடம், நாளை அரை நிமிடம் என்று இஷ்டத்துக்குத் தப்பும் ஒன்றை எந்தக் கணக்கும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. ஒரே அளவில் தப்பும் கடிகாரத்தைத்தான் பிடிக்கலாம்.

கப்பல்காரர்களுக்கு இது தெரியும். 1761-இல் ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசன் கப்பலுக்காகச் செய்த எச்4 கடிகாரத்தை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனபோது அது நாளைக்கு 2⅔ வினாடி பிந்தும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார்கள். வழியில் யாரும் முள்ளைத் திருப்பவில்லை. அந்த அளவை நாள்தோறும் கணக்கில் கூட்டிக்கொண்டதில், 81 நாள் கழித்தும் பிழை ஐந்து வினாடிதான்.

லினக்ஸில் எச்டபிள்யூகிளாக் என்ற பழைய கருவி செய்வதும் இதையேதான். ஆர்டிசியைச் சரியான மணிக்கு ஒரு தடவை வைத்து, சில நாள் கழித்து மறுபடி வைக்கும்போது தப்பும் அளவையும் கணக்கிடச் சொன்னால், நடுவில் நாளைக்கு எத்தனை வினாடி தப்பியது என்று கணக்கிட்டு ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்த அளவைச் சேர்த்துக்கொண்டு மணி சொல்லும். இணையத்தோடு ஒட்டியிருக்கும் கணினிக்கு இது தேவையில்லை. என்டிபி ஓடும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே 11 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆர்டிசியைத் திருத்திவிடும். இணையம் இல்லாமல் மூலையில் கிடக்கும் கணினிக்குத்தான் இது தெய்வம்.

என்னுடையது இப்போது லினக்ஸ் போட்டு, ஒரு பழைய ஸ்கேனருக்காக மட்டும், நெட் இல்லாமல் அப்படிக் கிடக்கிறது. அந்தக் கோப்பில் இருக்கும் எண் 1.9. மே மாதம் புதிதாக அளந்து வைத்தால் 2.2 ஆகிறது.